மேலே எது, கீழே எது

முதலில் வெளியே வந்தவை குணாவின் பாதங்கள்.

தலை வரும் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். படகு கவிழ்ந்தால் முதலில் தலை வரும், அப்புறம் இருமல், அப்புறம் சிரிப்பு. நாங்கள் இரண்டு பேரும் அந்த ஏரியில் எத்தனையோ தடவை கவிழ்ந்திருக்கிறோம். ஒருநாளும் அந்த வரிசை மாறியதில்லை.

அன்றைக்குப் படகு தன் மஞ்சள் வயிற்றைக் காட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. பக்கத்தில் தண்ணீர் கலங்கியது. கலங்கலுக்கு நடுவே வெளுத்துப்போன இரண்டு உள்ளங்கால்கள் மேலே வந்து காற்றை உதைத்தன.

அது மார்பளவு தண்ணீர். கால் ஊன்றினால் எழுந்து நின்றுவிடலாம். அவளோ ஏரியின் தரையை நோக்கி நீந்திக்கொண்டிருந்தாள்.

நான் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். என்னை உதறினாள். தன்னை யாரோ ஆழத்துக்கு இழுப்பதாக நினைத்து என் கையைப் பிறாண்டினாள். ஒருவழியாக முகம் வெளியே வந்தபோது வாய் நிறையச் சேறு. இரண்டு கையிலும் சேற்றை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கரையிலிருந்து தயாளன் அண்ணன் சட்டையோடு குதித்து ஓடி வந்துகொண்டிருந்தார்.

கம்பெனியும் ரயிலும்

போன வாரம் இந்தப் பத்தியில் என் அப்பாவின் ரேடியோவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "நீங்கள் ஏதோ படகு ஓட்டியதாகப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினீர்களே, அது என்ன?" என்று கேட்டிருந்தார். அந்த வரியை எழுதும்போதே இது வரும் என்று எனக்குத் தெரியும். குணாவைச் சொல்லாமல் படகைச் சொல்ல முடியாது. அதனால்தான் இத்தனை வாரமாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்விசிறிக்கு மோட்டார் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நானும் குணசுந்தரியும் வேலை பார்த்தோம். நான் பேக்கிங். அவள் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பிரிவு. எங்கள் வீடு பட்டாபிராமில், கோயில் தெருவில். கோயில் என்று நான் சொன்னால் அது மாதா கோயில். குணா முத்தாபுதுப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்து, ஸ்டேஷனில் சைக்கிளைப் பூட்டிவிட்டு என்னோடு ரயில் ஏறுவாள்.

அவள் அப்பா சரக்கு ரயில் நிற்கும் சைடிங்கில் மூட்டை தூக்குபவர். அவருக்கு முந்தின தலைமுறை முழுக்கப் பிறர் வயலில் அறுத்தவர்கள். குணாதான் அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். ஆள் ஒல்லி, நீண்ட கை. சிரித்தால் மேல் ஈறு தெரியும். அதை மறைக்கக் கையை வாய்க்குக் கொண்டுபோவாள். படகில் இருக்கும்போது மட்டும் மறைக்க மாட்டாள், இரண்டு கையும் துடுப்பில் இருப்பதால்.

தயாளன் எங்கள் கம்பெனியிலேயே டூல் ரூமில் ஃபிட்டர். எங்களைவிட நான்கைந்து வயது மூத்தவர். வடக்கே எங்கோ நடந்த முகாமில் பந்தயக் கயாக் படகு ஓட்டப் பழகி வந்தவர். ஏதோ ஒரு கிளப் கழித்துப் போட்ட இரண்டு ஃபைபர் படகுகளைக் கெஞ்சி வாங்கி, ஓட்டை அடைத்து, பூந்தமல்லி போகும் வழியில் ஏரிக்கரைக் கொட்டகை ஒன்றில் வைத்திருந்தார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"பொம்பளைங்க போட்டிக்கு இந்தப் பக்கத்துல இருந்து ஆளே இல்ல. ஆறு மாசம் ஒழுங்கா பழகினா மாநில அணிக்குப் போயிடலாம். அணியில இருந்தா விளையாட்டுக் கோட்டாவுல கவர்மெண்ட் வேலை. யோசிச்சுப் பாருங்க."

குணா யோசிக்கவில்லை. "எப்போ வரணும்ண்ணா?" என்றாள்.

என் வீட்டில் அரைக்கால் டவுசர்தான் பிரச்சினை. அம்மா இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை பூசையைத் தவறவிடாத. மத்ததை மாதா பாத்துக்குவாங்க" என்றாள்.

குணாவின் அப்பா சொன்னதை அவள் ரயிலில் எனக்குச் சொன்னாள். சொல்லும்போது அவர் குரலிலேயே சொன்னாள். "அந்த ஏரித் தண்ணிய நாங்க அடுத்தவன் கயனிக்கு மடை தொறந்து உட்டோம். நீ அதும்மேல உக்காந்துகினு போப்போறியா? போ. நல்லாப் போ."

ஆடட்டும் விடு

பந்தயக் கயாக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மனிதர் உட்காரச் செய்த பொருள்போலவே இருக்காது. மூன்று ஆள் நீளம், இடுப்பு நுழையும் அகலம். அடிப்பகுதி உருண்டை. தண்ணீரில் சும்மா மிதக்கும்போதே இப்படியும் அப்படியும் புரளும். வேகத்துக்காக அப்படிச் செய்கிறார்கள். நிற்கும்போது அது நம்மைத் தள்ளிவிடத்தான் பார்க்கும். ஓட்டம் பிடித்துவிட்டால் தானே நிதானத்துக்கு வரும்.

தயாளன் அண்ணன் முதலில் இருக்கையைக் கழற்றிவிட்டு வெறும் தரையில் உட்காரச் சொன்னார். உடம்பு தாழ்வாக இருந்தால் கவிழ்வது குறையும். ஒருவர் உட்கார, இன்னொருவர் தண்ணீரில் நின்று படகின் வாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியைத் தளர்த்த வேண்டும்.

நான் எத்தனை வாரம் கவிழ்ந்தேன் என்று எனக்கே தெரியாது. காதில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், தலைமுடியில் பாசி நாற்றம். பேக்கிங் பிரிவில் என் பக்கத்தில் நிற்பவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

குணா முதல் நாளே உட்கார்ந்துவிட்டாள்.

எப்படி என்று கேட்டேன். "படகு ஆடுதுன்னு நீ புடிச்சு நிறுத்தப் பாக்குறடி. அது ஆடட்டும் வுடு. இடுப்பு அதுகூட ஆடட்டும். இடுப்புக்கு மேல நீ சும்மா இரு" என்றாள்.

தண்ணீரைப் பார்க்கக் கூடாது. தூரத்தில் ஏதாவது ஒன்றைப் பார்க்க வேண்டும். எதிர்க்கரையில் உயரமான தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதைப் பார்த்தபடி, இடுப்பைத் தளரவிட்டு, ஒரு காலையில் நான் விழாமல் இருந்தேன். வாலைப் பிடித்திருந்த குணா எப்போதோ கையை எடுத்துவிட்டிருந்தாள். அவள் எனக்கு முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த உடனே கவிழ்ந்தேன்.

ரயிலிலும் அதே பயிற்சி. பெண்கள் பெட்டியில் கம்பியைப் பிடிக்காமல் நிற்க வேண்டும். பட்டாபிராமில் தொடங்கி அம்பத்தூர் வரை. ஆவடி தாண்டித் தண்டவாளம் மாறும் இடத்தில் நான் யார்மேலாவது சாய்ந்துவிடுவேன். குணா அந்த இடத்தில் தலைபின்னிக்கொண்டிருப்பாள்.

காலால் தள்ளு

உட்காரத் தெரிந்தால் போதாது. துடுப்புப் போடத் தெரிய வேண்டும்.

கயாக் துடுப்புக்கு இரண்டு முனையிலும் பலகை உண்டு. இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாறி மாறி விழ வேண்டும். பார்க்கிறவர்கள் அது கைவேலை என்று நினைப்பார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்துத் தோள்பட்டையைப் புண்ணாக்கிக்கொண்டோம். இதில் குணாவும் கவிழ்ந்தாள்.

"கையால இழுக்காத" என்பார் தயாளன் அண்ணன். "கை வெறும் கயிறு. முதுகைத் திருப்பு. எந்தப் பக்கம் துடுப்புப் போடுறியோ அந்தப் பக்கத்துக் காலால மிதி. பாதத்துக்குப் பக்கத்துல குத்து, இடுப்பு வந்ததும் எடுத்துடு. அதுக்குப் பின்னால போனா படகை நீயே கீழ அமுக்குற."

முழுப் பலகையும் தண்ணீருக்குள் போன பிறகுதான் இழுக்க வேண்டும். போவதற்கு முன்னால் இழுத்தால் தண்ணீர் தெறிக்கும். 'சளக்' என்று கேட்டால் தப்பு. சரியாக விழுந்தால் சத்தமே வராது. தண்ணீரைத் திறந்து மூடியதுபோல ஒரு சின்ன ஒலி மட்டும்.

கொட்டகையில் ஒரு பெஞ்சின்மேல் உட்கார்ந்து மூங்கில் கழியை வைத்து மணிக்கணக்கில் பழகினோம். குணா வீட்டிலும் செய்தாள். அவள் அம்மா ஒருநாள் என்னிடம், "இன்னா ரோஸி, தொடப்பக் கட்டையத் தூக்கிகினு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினே கீறா. நல்லாத்தானே கீறா?" என்று கவலையோடு கேட்டார்.

நல்லாத்தான் இருந்தாள். அந்தக் கோடையில் ஏரி வற்றுவதற்கு முன் ஒரு காலை, அவள் எதிர்க்கரையிலிருந்து கிளம்பி எங்களை நோக்கி வந்ததை நான் பார்த்தேன். முதுகு திரும்புகிறது, துடுப்பு விழுகிறது, படகு முன்னே வழுக்குகிறது. எங்கும் அவசரமில்லை. ஆனால் கரை அவளிடம் வந்துகொண்டே இருந்தது. தயாளன் அண்ணன் கையில் இருந்த டீ ஆறிப்போயிற்று. "இது எனக்கே வராது" என்றார். பொறாமை இல்லாமல் சொன்னார்.

ஊசி

மழைக்காலத்தில் இருமல் வந்தது. ஏரித் தண்ணீர் சேரவில்லை என்றோம். பிறகு மாலையில் காய்ச்சல். பிறகு அவள் சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. ஒருநாள் ரயிலில் இருமிவிட்டுக் கைக்குட்டையைப் பார்த்தாள், மடித்தாள், பையில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

டி.பி. தினம் ஊசி, கூடவே மாத்திரை. கம்பெனியில் விடுப்புக் கொடுத்தார்கள். நான் ஞாயிறுதோறும் பூசை முடிந்து அவள் வீட்டுக்குப் போவேன். அவள் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி, "உள்ள வராத கண்ணு, உனக்கும் ஒட்டிகினா உங்க அம்மாக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?" என்பார். குணா உள்ளே கட்டிலில் உட்கார்ந்து, நான் வாசலில் நின்று, இரண்டு பேரும் உரக்கப் பேசுவோம்.

உடம்பு தேறியது. இருமல் நின்றது. கன்னத்தில் சதை வந்தது. ஊசி முடியப்போகிற நேரத்தில்தான் அவள் சொன்னாள், நடந்தால் எதிரில் இருப்பதெல்லாம் குதிக்கிறது என்று.

டாக்டரம்மா அன்றைக்கே ஊசியை நிறுத்தினார். சின்ன வயதுக்காரர். குணாவையும் அவள் அப்பாவையும் உட்காரவைத்து, மறைக்காமல் சொன்னார். நானும் கூட இருந்தேன்.

"இந்த மருந்துதான் உன்னைக் காப்பாத்திச்சு. ஆனா சில பேருக்கு இது காதுக்குள்ள போய்த் தொட்டுடும். நம்ம உடம்பு நேரா இருக்கா, சாஞ்சிருக்கான்னு சொல்ற உறுப்பு அங்கதான் இருக்கு. உனக்கு ரெண்டு பக்கமும் போயிடுச்சும்மா."

"எப்போ திரும்பி வரும்?" என்றார் அவள் அப்பா.

"அது வராதுங்க. கண்ணும் காலும் சேந்து கொஞ்சம் கொஞ்சமா ஈடு கட்டிக்கும். பகல்ல நடப்பா, வேலைக்குப் போவா. இருட்டுலயும் தண்ணியிலயும்தான் ரொம்பக் கவனமா இருக்கணும்."

குணா, "தண்ணிலயா?" என்று மட்டும் கேட்டாள்.

திரும்ப வேலைக்கு வந்த முதல் நாள் ரயிலில் அவள் கம்பியைப் பிடிக்கவில்லை. பழக்கம். வண்டி நகர்ந்ததும் ஒரு பூக்கார அம்மாவின் கூடைமேல் அப்படியே சரிந்தாள். சாமந்தி பெட்டி முழுக்கச் சிதறியது. அந்த அம்மா திட்டவில்லை. "புள்ளத்தாச்சியா?" என்று என்னிடம் கேட்டார். குணா தரையில் உட்கார்ந்து பூவைப் பொறுக்கிக் கொடுத்தாள். அம்பத்தூர் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

ஒரே ஒரு தடவை

மாநிலத் தேர்வுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. நான் தனியாகப் பழகிக்கொண்டிருந்தேன். குணா வந்து கரையில் உட்கார்ந்து பார்ப்பாள். என் துடுப்பு 'சளக்' என்றால் அங்கிருந்தே கை தட்டுவாள்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் அவள் டவுசர் போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஒரே ஒரு தபா உக்காந்து பாக்குறேன்ண்ணா."

தயாளன் அண்ணன் முடியாது என்றார். டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினார். அவள் போகவில்லை. கொட்டகை வாசலில் நின்றுகொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து அவர், "கரையோரமா மட்டும். மார்பளவு தாண்டக் கூடாது. ரோஸி கூடவே நிக்கட்டும்" என்றார்.

இருக்கையைக் கழற்றினோம். நான் வாலைப் பிடித்தேன். அவள் ஏறி உட்கார்ந்து, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். அவள் முதுகு முழுவதும் நடுங்கியது. முன்பு படகு ஆடும், அவள் ஆட மாட்டாள். இப்போது அவள் உடம்பு கண்ணை மட்டும் நம்பிக்கொண்டு ஒவ்வொரு நொடியும் தன்னைத் தானே பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"புடிச்சுக்கோ, உடாத" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

பிறகு துடுப்பைப் போட்டாள். வலது, இடது. சத்தமே இல்லை. முதுகு திரும்பியது, கால் மிதித்தது, பலகை இடுப்பருகே வந்ததும் வெளியேறியது. எதையும் மறக்கவில்லை அந்த உடம்பு. படகு என் கையை விட்டு வழுக்கி முன்னே போயிற்று. வலது, இடது. கரையில் தயாளன் அண்ணன் எழுந்து நின்றார்.

சந்தோஷத்தில் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் தொட்டியை விட்டது. அவ்வளவுதான்.

அதன்பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கரையில் கிடத்தி, சேற்றைத் துப்பவைத்து, முதுகைத் தடவிக்கொண்டிருந்தோம். மூச்சு சீரானதும் அவள் பேசினாள்.

"மேல வர்றதுக்குத்தான்டி நீஞ்சினேன்."

"தெரியும். பேசாத."

"மேல எது, கீய எதுன்னு உள்ள ஒண்ணுமே தெரியல. கையில மண்ணு பட்டுச்சு. அப்பக்கூட அது மேலதான் கீதுன்னு நெனச்சேன். மண்ண தாண்டினா காத்து வரும்னு தோண்டினேன்."

தயாளன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏரியைப் பார்த்தார். அவர் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம். கடைசியாக ஓட்டியவர்தான் படகைத் துடைத்து வைக்க வேண்டும். நான் துணியை எடுத்தேன். குணா எழுந்து வந்து, என் கையிலிருந்து அதை வாங்கி, ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மூக்கிலிருந்து வால்வரை துடைத்தாள். உள்ளேயும் துடைத்தாள். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு

நான் தேர்வுக்குப் போனேன். கடைசிக்கு முந்தின ஆளாக வந்தேன். கல்யாணம் ஆனது, தாம்பரம் பக்கம் குடிபோனேன். தயாளன் அண்ணனுக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது. படகுகள் என்னவாயின என்று யாருக்கும் தெரியவில்லை.

குணா காயில் சுற்றும் வேலையைத் தொடர்ந்தாள். அது உட்கார்ந்து செய்யும் வேலை. கால்களை அகட்டி வைத்து, தரையைப் பார்த்து நடக்கப் பழகினாள். தெரியாதவர்கள் அவளைக் குடித்திருப்பதாக நினைத்ததும் உண்டு. அதை அவளே எனக்குச் சொல்லிச் சிரித்தாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு. பால் வண்டி ஓட்டும் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு நூம்பலுக்குப் போனாள். எல்லாம் தெரிந்து கட்டிக்கொண்டவர்.

தொண்ணூறுகளின் நடுவில், வேலப்பன்சாவடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சுற்றிலும் காலி மனைகள், அங்கங்கே புது வீடுகள். அவள் வீட்டில் சுவருக்குப் பூச்சு இன்னும் ஆகவில்லை. என்னைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாடி ரோஸி, இப்டி பெருத்துட்ட" என்றாள். நாலு வயதில் ஒரு பெண் அவள் புடவைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. அம்மாவின் நீண்ட கை.

பழையதெல்லாம் பேசினோம். கம்பெனி, ரயில், தயாளன் அண்ணன். ஏரியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பொழுது சாய்ந்து விளக்குப் போட்டாள். எனக்குத் தோசை ஊற்றுகிறேன் என்று எழுந்து மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். நானும் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை.

கரண்ட் போயிற்று.

புது மனைகள் என்பதால் சுற்றிலும் ஒரு வெளிச்சமும் இல்லை. நல்ல இருட்டு. குணாவின் வளையல் சத்தம் மேலிருந்து கீழே இறங்கியது. நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள் என்று புரிந்தது. பேச்சை நிறுத்தவில்லை. மாமியாரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், அதைத் தொடர்ந்தாள்.

என் முழங்காலுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னச் சத்தம். பாவாடை தரையில் பரவும் சத்தம்.

"ஆன்ட்டி, நீங்க நின்னுகினு கீறீங்களா?"

"ஆமா கண்ணு. ஏன்?"

"கரண்ட் போனா உக்காரணும்."

"அப்படியா? யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. எல்லாரும் உக்காருவாங்க."

குணாவின் பேச்சு நின்றது.

நான் கையால் சுவரைத் தடவிக்கொண்டு, குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.